தாய் பிழைத்த குட்டிகள்

1985ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ராஜபாளையத்து நாய்கள் செத்துக்கொண்டிருந்தன. தெருநாய்களில்தான் தொடங்கியது. மில்லுக்குப் போகும் சாலையோரம் காலையில் ஒன்றிரண்டு விறைத்துக் கிடக்கும். யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குள் கட்டிக்கிடந்த நாய்களும் சாகத் தொடங்கிய பிறகுதான் அது விஷமில்லை என்று தெரிந்தது.

காளிராஜ் பருத்தி வியாபாரி. பழையபாளையத்தில் வீடு, வீட்டை ஒட்டிப் பஞ்சு குடோன். இரண்டுக்கும் நடுவே இருந்த முற்றத்தில் அவர் நாய் வளர்த்தார். ராஜபாளையம் என்ற ஊர்ப் பெயரையே தாங்கிய வெள்ளை வேட்டை நாய்கள். ரோஸ் மூக்கு, ஒட்டிய வயிறு, நெடிய கால்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டுக் குட்டி என்றால் ஒரு மதிப்பு. செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து எஸ்டேட்காரர்கள் ஜீப்பில் வந்து வாங்கிப்போவார்கள். அந்த வருஷம் அவரிடம் இருந்த பெட்டைக்குச் சங்கு என்று பெயர். உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. அது ஏழு குட்டிகள் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முதலில் ஒரு குட்டி மட்டும் பால் குடிக்காமல் ஒதுங்கிப் படுத்தது. நுரை நுரையாக வாந்தி எடுத்தது. மறுநாள் அதற்கு ரத்தமாகப் போனது. துரு நாற்றமும் அழுகல் நாற்றமும் கலந்த ஒரு வாடை முற்றம் முழுக்க நின்றது. காளிராஜின் மனைவி ரத்தினம் சாக்கை மாற்றி மாற்றிப் போட்டாள், பினாயில் ஊற்றித் தரையைக் கழுவினாள். கழுவி முடிப்பதற்குள் அடுத்த குட்டி வாந்தி எடுத்தது. மூன்று குட்டிகள் செத்த பிறகு காளிராஜ் டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து மரகதவல்லி கால்நடை வைத்தியம் பார்த்துவந்தாள். படிப்பு முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரசு வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில் தொடங்கியது அது. அவள் அப்பா யதிராஜனுக்கு ஆண்டாள் கோயிலில் கைங்கர்யம். மகள் படிக்கப் போனபோது அவர் தடுக்கவில்லை. ஆனால் வேலை முடித்து வருகிறவள் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் அப்படியே செய்துவந்தாள்.

டிவிஎஸ் 50யில் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தவள், குட்டிகளைத் தொடுவதற்கு முன்பே வாடையை வைத்து இன்னதென்று சொல்லிவிட்டாள்.

"இது என்ன சீக்கு டாக்டரம்மா?" என்று கேட்டார் காளிராஜ்.

"பார்வோ வைரஸ்னு பேரு. புதுசு. நாங்க படிச்ச புஸ்தகத்துல இது கிடையாது."

"புதுசுன்னா எங்கருந்து வந்துச்சு?"

"அது யாருக்கும் சரியாத் தெரியல. கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி உலகம் பூரா ஒண்ணு போல வந்திருக்கு. வாய் வழியாப் போயி, குடலோட உள்தோல்ல உக்காந்துக்கிடும். அந்தத் தோல் உரிஞ்சு விழுந்துருது. பொறவு குடிக்கிற தண்ணிகூட உடம்புல ஒட்டாது. வத்தித்தான் சாகுதுக."

"மருந்து?"

"அந்தக் கிருமிக்கு மருந்து இல்ல. தண்ணிய ஏத்தி, உடம்பு அதுவா எந்திரிக்கிற வரைக்கும் பிடிச்சு வைக்கலாம்."

குட்டிகளின் நரம்பு நூல் மாதிரி இருந்தது. ஊசி ஏறவில்லை. முதுகுத் தோலைத் தூக்கிப் பிடித்து அதனடியில் சலைன் செலுத்தினாள். பலனில்லை. மீதி நான்கும் அந்த வாரமே செத்தன. கடைசிக் குட்டி போன அன்று சங்குவும் படுத்துவிட்டது.

சங்குவுக்கு முன்காலில் ஊசி ஏறியது. ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டிவிட்டு, மரகதவல்லி தினமும் வந்து போனாள். இடையில் பாட்டில் மாற்றுவதை ரத்தினம் பார்த்துக் கற்றுக்கொண்டாள். காளிராஜ் குடோனுக்குப் போகாமல் நாயின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாய் எலும்பும் தோலுமாகிவிட்டது. மண்ணைப் போட்டு மூட வேண்டியதுதான் என்று அவரே நினைத்த ஒரு காலையில், அது தலையைத் தூக்கி, ரத்தினம் கையிலிருந்த சோற்று வடிதண்ணீரை நக்கியது.

அதன் பிறகு காளிராஜுக்கு மரகதவல்லி மேல் பெரிய மரியாதை. கல்யாண வீடுகளில் அவளைப் பற்றிச் சொன்னார். ராஜபாளையத்தில் நாய் வைத்திருந்தவர்களெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, புத்தூர் டாக்டரம்மாவைத் தேடிப் போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்துச் சங்கு மறுபடி குட்டி போட்டது. ஆறு குட்டிகள். அந்த வருஷமும் சீக்கு ஊரில் இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் குட்டிகள் மொத்தமாகப் போயின. சங்குவின் குட்டிகள் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண் திறந்து, உருண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளையாடின.

"தாய் பொழைச்ச குட்டிக. பால்லயே எல்லாம் இறங்கியிருக்கு" என்று பார்க்க வந்தவர்களிடம் சொன்னார் காளிராஜ்.

அதில் தவறொன்றும் இல்லை. மரகதவல்லியும் அதையேதான் சொன்னாள். ஆனாலும் இந்தச் சீக்குக்குத் தடுப்பூசி வந்துவிட்டது என்றும், போட்டுவிடுவது நல்லது என்றும் சேர்த்துச் சொன்னாள். குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆனபோது மதுரையிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் ஊசிமருந்தை வாங்கி வந்து, ஆறுக்கும் போட்டாள். காளிராஜ் ஒவ்வொரு குட்டியாகப் பிடித்துக் கொடுத்தார்.

அந்த ஆறில் ஒன்றை வாங்கியவள் பரிபூரணம் டீச்சர். தேவதானத்தில் ஆரம்பப் பள்ளியில் வேலை. புருஷன் இறந்த பிறகு ஊருக்கு வெளியே, தோப்பை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். இரண்டு முறை திருடன் வந்து போயிருந்தான். வேட்டை நாய் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. குரைக்கிற நாய் போதும் என்றாள்.

"இது குரைக்கும், கடிக்கவும் செய்யும். சீக்குப் பயம் வேண்டாம் டீச்சர். தாய் பொழைச்ச குட்டி, ஊசியும் போட்டாச்சு. நான் பொறுப்பு" என்றார் காளிராஜ்.

குட்டிக்கு மூன்று மாதம் நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பரிபூரணம் மறுபடி வந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பஸ் ஏறியிருந்தாள். ரத்தினம் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னாள்.

"நான் சண்டைக்கு வரல அண்ணாச்சி. குட்டி செத்துப்போச்சு. உங்ககிட்ட மத்தக் குட்டிக இருந்தா பாத்துக்கிடுங்கன்னு சொல்ல வந்தேன்."

"எப்படிச் செத்துச்சு?"

"வாந்தி. பொறவு ரத்தமாப் போச்சு. வாடை தாங்க முடியல."

ரத்தினம் கேட்டாள், "பேரு என்ன வச்சிருந்தீய?"

"வைக்கணும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். டேய்னு கூப்பிட்டாலே ஓடி வந்துரும். அதனால வைக்காமலே போச்சு."

அடுத்த சில நாட்களில் சேத்தூரிலிருந்து ஒரு குட்டியும் தளவாய்புரத்திலிருந்து ஒரு குட்டியும் செத்ததாகச் செய்தி வந்தது. எல்லாம் ஊசி போட்டவை. அவருடைய அப்பா காலத்திலிருந்து விற்ற குட்டியைப் பற்றி ஒருவர்கூட வந்து குறை சொன்னதில்லை. காளிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

மரகதவல்லியின் அறையில் அப்போது யாரும் இல்லை. ஸ்டெரிலைசரில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவர் சொன்னதை முழுதும் கேட்டாள். பிறகு, தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"கேள்விப்பட்டதுமே மெட்ராஸ்ல எங்க புரொபசர்கிட்டப் பேசினேன் அண்ணாச்சி. இந்த மாதிரி வேற எடத்துலயும் ஆயிருக்காம். நான் சீக்கிரமாப் போட்டுட்டேன்."

"சீக்கிரமாப் போட்டா நல்லதுதான?"

"மத்த நாயோட குட்டிகளுக்கு நல்லது. சங்கு குட்டிகளுக்கு இல்ல. பொறந்த அன்னைக்குக் குடிச்ச முதல் பால்ல தாயோட காவல் அம்புட்டும் குட்டி ரத்தத்துக்குப் போயிருது. சங்கு சீக்குல விழுந்து எந்திரிச்ச நாய், அதுக்கிட்ட அந்தக் காவல் ரொம்ப ஜாஸ்தி. நான் போட்ட ஊசியில இருக்கிறது அதே கிருமிதான், பலம் குறைச்சது. அது உள்ள போனதும் தாய் குடுத்த காவல் அதைப் பிடிச்சு அழிச்சிருச்சு. குட்டியோட உடம்பு அந்தக் கிருமியைப் பாக்கவே இல்ல. பாக்காததை எப்படிக் கத்துக்கும்?"

"சரி, தாய் குடுத்தது இருந்துச்சுல்ல. பொறவு ஏன் செத்துச்சு?"

"அது நிக்காது. நாளாக நாளாகக் கரைஞ்சு போயிரும். பால் குடி மறந்ததும் குடல்ல இருந்த காவலும் போயிரும். மூணு மாசத்துல குட்டிகிட்ட அம்மா குடுத்ததும் இல்ல, சொந்தமாச் சம்பாதிச்சதும் இல்ல. அந்த நேரம் பார்த்து சீக்கு வந்திருக்கு. ஒம்பது வாரத்துல ஒண்ணு, பொறவு மாசம் ஒண்ணு, நாலு மாசம் வரைக்கும் போட்டிருக்கணும். எனக்கு அப்பத் தெரியாது."

காளிராஜ் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ சங்கு பால்தான் குட்டிகளைக் கொன்னுச்சுங்கீகளா?"

"அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொல்லுதீக. உங்க ஊசி தப்பில்ல, சங்கு பால்தான் தப்பு."

"என் தப்புன்னுதான் முதல்லயே சொன்னேன்."

"சாலு. விடுங்க" என்று எழுந்தார் அவர். சாலு என்றால் போதும்; வீட்டில் பேசும் தெலுங்கு, கோபம் வந்தால் வெளியிலும் வந்துவிடும்.

அதன் பிறகு அவர் ஊரில் சொன்னது வேறு. ஊசிதான் குட்டிகளைக் கொன்றது. போடாமல் விட்டிருந்தால் தாய்ப்பாலிலேயே தேறியிருக்கும் என்றார். அவர் கெட்டவரில்லை, அதை அவர் நம்பினார். நாய் விஷயத்தில் அவர் பேச்சுக்கு ராஜபாளையத்தில் மறுபேச்சு கிடையாது. மரகதவல்லியிடம் நாய்கள் வருவது நின்றது. மாடும் ஆடும் மட்டும் வந்தன. நாய் வராததில் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. அவளுக்கு இருந்தது. பிளாஸ்கில் ஐஸ் கரைந்து, போடாமலே கெட்டுப்போன ஊசிமருந்தை இரண்டு முறை கீழே கொட்டினாள்.

சங்கு கடைசியாகக் குட்டி போட்டது 1989இல். ஐந்து குட்டிகள். இந்த முறை ஊசி இல்லை என்று காளிராஜ் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ரத்தினம் அவரை எதிர்த்துப் பேசி வழக்கமில்லை. ஆனால் முதல் ஈற்றில் ஏழு குட்டிகளின் கழிசலையும் வாரிக் கழுவியவள் அவள். பினாயில் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, பிளீச்சிங் பவுடர்தான் போட வேண்டும், மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில்கூடக் கிடக்கும் என்று மரகதவல்லி அப்போதே அவளிடம் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை முற்றத்தில் பிளீச்சிங் பவுடர் விழுந்தது. காளிராஜுக்குத் துப்புரவு பிடிக்கும். அவர் காரணம் கேட்கவில்லை.

பரிபூரணம் டீச்சர் இன்னொரு குட்டி கேட்டு வந்தாள். காளிராஜுக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

"போன தடவை அப்படி ஆச்சே டீச்சர். பொறவும் நம்மகிட்டயே வாரீகளே."

"வேற யார்கிட்டப் போவேன்? ஒரு மாசம் வச்சிருந்தாலும் அது மாதிரி ஒண்ணு அமையாது அண்ணாச்சி."

நல்ல ஆண்குட்டி ஒன்றைப் பொறுக்கி அவரே எடுத்துக் கொடுத்தார். வாசலில் செருப்பைப் போடும்போது டீச்சர், "ஊசி நான் போட்டுக்கிடுதேன். புத்தூர் டாக்டர்கிட்ட" என்றாள்.

"போடாதீக."

"போன தடவை ஒரு ஊசி போட்டுச் செத்துச்சு. டாக்டரம்மாகிட்ட நானும் போய்க் கேட்டேன். ஒண்ணு பத்தாது, நாலு மாசம் வரைக்கும் போடணும்னு சொன்னாவ. போட்டுத்தான் பாப்பமே. உங்களைக் குறை சொல்ல மாட்டேன்."

அவர் உள்ளே போய்விட்டார். ரத்தினம் தெருமுனை வரை டீச்சருடன் நடந்தாள். அங்கே நின்று, "நீங்க போற அன்னைக்கு இங்க எறங்கிட்டுப் போங்க. ஊசி போட நானும் ஒரு குட்டி தாரேன்" என்றாள்.

அப்படியே நடந்தது. தேவதானத்திலிருந்து பஸ்ஸில் வரும் பரிபூரணம், பின்வாசலில் ரத்தினம் கொடுத்த பெண்குட்டியையும் அதே ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு புத்தூர் போவாள். கூடையின் மேல் ஒரு துண்டு. கண்டக்டர் ஒருமுறை துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, பின்னால் போய் உட்காரச் சொன்னார். கடைசி ஊசி வரை குட்டிகளைத் தெருவில் விடக்கூடாது, வேறு நாய்கள் நடந்த மண்ணில் இறக்கக்கூடாது என்று மரகதவல்லி சொல்லியிருந்தாள். டீச்சர் அறைக்குள் சிமெண்டுத் தரையிலேயே வளர்த்தாள். ரத்தினம் தன் குட்டியை மொட்டைமாடியில் வைத்தாள். அதை வீட்டுக்கென்று ஒதுக்கியிருக்கிறாள் என்று காளிராஜ் நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது முறை போய் வரும்போது காளிராஜ் குடோன் வாசலில் நின்றிருந்தார். கூடையைப் பார்த்தார். இரண்டு வெள்ளைத் தலைகள்.

"ஒண்ணு நம்மளுது" என்றார்.

டீச்சர் தடுமாறினாள். பின்வாசலில் நின்ற ரத்தினம் முன்னே வந்து குட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் குடுத்து விட்டேன். மூணு ஊசி ஆச்சு" என்றாள்.

"எங்கிட்டக் கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா வேண்டாம்பீய."

அன்று அவர் சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். அடுத்த பல நாட்கள் அவளிடம் தேவைக்கு மட்டும் பேசினார். குட்டியை அவர் எடுத்து வெளியே விடவும் இல்லை, தொடவும் இல்லை.

மழைக்காலத்தில் சீக்கு வந்தது. முற்றத்தில் இருந்த மூன்று குட்டிகளுக்கும் ஒரே வாரத்தில் வாந்தி தொடங்கியது. இரண்டு செத்தன. மூன்றாவது, நல்ல உயரமாக வளர்ந்து வந்த கடுவன், படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. அதன் ஈறு வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது. காளிராஜ் குடோனிலிருந்து அம்பாசடர் காரை எடுத்து வரச் சொன்னார். பின் சீட்டில் சாக்கை விரித்து, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு தானே உட்கார்ந்தார்.

மரகதவல்லி அவரைப் பார்த்ததும் மேசையைத் துடைத்து இடம் செய்தாள். இடையில் இரண்டு வருஷம் போயிருந்தது.

"எப்பருந்து?"

"முந்தாநாள். நேத்து ரத்தம்."

"தண்ணி?"

"குடிச்சா வந்துருது."

குட்டி வளர்ந்திருந்ததால் நரம்பு கிடைத்தது. பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க ஸ்டாண்டு இருந்தது. இருந்தும் காளிராஜ் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலை வரை இரண்டு பாட்டில் ஏறியது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் கார் அங்கே வந்து நின்றது. நான்காவது நாள் குட்டி மேசையிலேயே எழுந்து நிற்கப் பார்த்து, சறுக்கி விழுந்தது.

"வீட்ல இன்னொண்ணு இருக்கு. அவ குடுத்துவிட்டு ஊசி போட்டாள்ல, அது. சீக்கு அது பக்கம் வரல" என்றார் காளிராஜ்.

"மாடியில வச்சிருக்காங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அதனாலயும் இருக்கலாம்" என்றாள் மரகதவல்லி. அவளுக்குச் சாதகமான பதில் அது இல்லை. ஆனால் அவளால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அவர் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு எப்ப ஊசி போடணும்?"

"இப்போதைக்கு வேண்டாம் அண்ணாச்சி. இது சீக்கையே பாத்துட்டு எந்திரிச்சிருச்சு. ரொம்ப நாளைக்கு இதுக்கு அது போதும்."

"அப்போ நான் சொன்னது சரிதான். ஊசி இல்லாமலும் பொழைக்கும்."

"இதுக்குச் சரி" என்றாள் அவள்.

மற்ற இரண்டைப் பற்றி அவள் பேசவில்லை. காளிராஜ் டிரைவரைக் கூப்பிட்டுக் குட்டியைத் தூக்கச் சொன்னார். பிறகு வேண்டாமென்று அவரே தூக்கிக்கொண்டார்.

பரிபூரணத்தின் நாய் தேவதானத்தில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. அதற்கும் அவள் பெயர் வைக்கவில்லை என்று சொல்வார்கள். மரகதவல்லிக்கு அரசு வேலை உத்தரவு வந்தது தொண்ணூற்றொன்றில். சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்தில். அதற்கு முன்பே ராஜபாளையத்து நாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடம் திரும்பியிருந்தன. எப்படித் திரும்பின என்றால், குட்டி கேட்டு வருகிறவர்களிடம் காளிராஜ், "ஊசி போடணும்னா உங்க இஷ்டம். எங்க வீட்ல போடுதாக" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். தான் என்ன நினைக்கிறேன் என்பதை அவர் சொல்வதில்லை.

வேலைக்குப் போன பிறகும் மரகதவல்லி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, காளிராஜின் குடோனில் மேசை போட்டு உட்கார்ந்து ஊசி போட்டாள். பிளாஸ்கை வைக்க ரத்தினம் தன் வீட்டுப் பிரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து வைப்பாள். கூட்டம் வரும், வெள்ளை நாய்கள், கோம்பை நாய்கள், எந்த ஜாதி என்று தெரியாத நாய்கள். அன்றைக்கு மட்டும் காளிராஜ் காலையிலேயே சேத்தூர் வயலைப் பார்க்கப் போய்விடுவார். போகும்போது குடோன் சாவியை மறக்காமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்.